சாமி கும்பிடாதவன் கெட்டுப் போவானா?

ஸ்ரீ கெம்பாங்கான் அடுக்குமாடி வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வர மறுக்கிறான். "எனக்கு நம்பிக்கை இல்லைம்மா" என்கிறான். சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் அம்மாவுக்கு இரண்டாவதுதான். பயபக்தி இல்லாத பிள்ளை நாளைக்குக் குடி, குண்டர் கும்பல் என்று போய்விடுவானே என்பதுதான் முதல் பயம்.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட நம் தேசியக் கோட்பாடு இறை நம்பிக்கையில்தான் தொடங்குகிறது. தமிழ்ப்பள்ளிச் சபைக்கூடலில் நின்று அதைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதன் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையைப் பற்றியது என்பதையும் கவனிக்க வேண்டும். முதலாவது இருந்தால் ஐந்தாவது தானாக வந்துவிடும் என்றால், அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லையே!

மலாயாத் தமிழர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் வாழ்ந்து பார்த்தே விடை தேடியிருக்கிறார்கள். 1929 டிசம்பரில் தந்தை பெரியார், துணைவியார் நாகம்மையாருடன் கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். நாத்திகர் வந்தால் தொழிலாளர்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்த்தவர்கள் உண்டு. ஈப்போ முதல் சிங்கப்பூர் வரை அவர் பேசிவிட்டுப் போன பிறகு நடந்தது என்ன? சுயமரியாதைக்காரர்கள் கள்ளை எதிர்த்தார்கள். சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். படிப்பகம் வைத்தார்கள். சிங்கப்பூரில் பெரியார் கருத்தில் ஊறிய கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கினார். 1952-இல் இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்று பாராமல் எல்லாரும் சேர்ந்து கொண்டாடத் தமிழர் திருநாளைத் தொடக்கி வைத்தார்.

தோட்டத்தில் கள்ளுக்கடையும் இருந்தது, மாரியம்மன் கோயிலும் இருந்தது. ஒன்று மற்றொன்றை மூட வைக்கவில்லை. சில இடங்களில் திருவிழா அன்றுதான் கள் கூடுதலாக ஓடியது. கள்ளை எதிர்த்தவர்கள் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. சம்பளத்தைக் கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டால் நாளைக்கு உன் பிள்ளை என்ன சாப்பிடும் என்று கேட்டார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடவும் கேட்டார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் சாமி கும்பிட்டவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். இருந்தாலும் மனிதனை மனிதன் சிறுமைப்படுத்தக் கூடாது என்பதற்கு யாரும் சாஸ்திர ஆதாரம் தேடிக்கொண்டிருக்கவில்லை. அவமானம் என்றால் என்ன என்று பட்டவனுக்குத் தெரியும். தனக்கு வலித்தது அடுத்தவனுக்கும் வலிக்கும் என்று உணர்கிற இடத்தில்தான் ஒழுக்கம் தொடங்குகிறது.

பெரியாரும் இதைத்தான் சொன்னார். மற்றவர் நம்மிடம் எப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ அப்படி நாம் நடப்பதே ஒழுக்கம் என்பது அவர் கொடுத்த விளக்கம். பக்தி அவரவர் சொந்த விஷயம், ஒழுக்கமோ ஊருக்கே வேண்டிய பொதுச் சொத்து என்றும் பிரித்துக் காட்டினார். அவருக்குக் கஞ்சர் என்றும் பெயருண்டு. கையெழுத்துக் கேட்டால்கூடக் காசு வாங்குவார். ஆனால் அந்தக் காசெல்லாம் இயக்கத்துக்குப் போனது. குன்றக்குடி மடத்தில் திருநீறு பூச வந்தபோது நெற்றியைத் திருப்பிக்கொள்ளாதவரும் அவர்தான். கொள்கையை விட்டுவிட்டார் என்று இதற்குப் பொருளில்லை. எதிரில் நிற்பவரின் மனம் அவருக்கு முக்கியமாக இருந்தது.

விஞ்ஞானிகளும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே வேலைக்குப் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சையும் தனக்கு வெறும் வெள்ளரித் துண்டும் கிடைப்பதைப் பார்த்த குரங்குகள், வெள்ளரியை வாங்க மறுத்தன. அநியாயத்தை உணர அவற்றுக்கு யாரும் சமயப் பாடம் நடத்தியதில்லை!

சரி, யாரும் பார்க்காத இடத்தில்? கடவுள் பார்க்கிறார் என்று நினைப்பவனுக்கு ஒரு காவல் இருக்கிறது, இல்லாதவனை எது தடுக்கும்? நியாயமான கேள்விதான். நாத்திகம் பேசிய ஸ்டாலினும் போல் பாட்டும் செய்த கொடுமைகளை யாரும் மறந்துவிட முடியாது. நம்பிக்கை இல்லாமை ஒருவரை நல்லவராக்கும் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று. ஆனால் காவடி எடுக்கிற தோளே கும்பல் சண்டைக்கும் போவதை இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் பார்க்கவில்லையா?

நம்பிக்கை இல்லாதவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவனுக்குப் பரிகாரம் கிடையாது. மொட்டை போட்டோ, அர்ச்சனை செய்தோ, உண்டியலில் போட்டோ கணக்கை முடித்துவிட முடியாது. யாரிடம் தப்பு செய்தானோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். உண்மையான பக்தரும் அப்படித்தான் தட்டுவார். ஆனால் இவனுக்கு வேறு வாசலே இல்லை.

அந்த ஸ்ரீ கெம்பாங்கான் வீட்டுக்கே திரும்புவோம். நாளைக்கு அப்பா தவறிவிட்டால் மகன் கொள்ளிக்குடம் தூக்குவானா? அம்மா உள்ளுக்குள் கேட்க நினைப்பது இதுதான். தூக்கினால் வேஷம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். வேஷமில்லை. அம்மாவுக்காகத் தூக்குகிறான், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்யலாம். கருமாதி முடிந்த மறுவாரம், பக்கத்துப் புளோக்கில் இருப்பவரிடம் அப்பா கைமாற்றாக வாங்கிய 500 வெள்ளி பற்றிப் பேச்சு வரும். எழுத்தில் எதுவும் இல்லை, சாட்சியும் இல்லை. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அவன் படியிறங்கிப் போகிறானா என்று அம்மா அன்றைக்குப் பார்க்கட்டும்.