ஹெபடைடிஸ் சி: நான் மாத்திரை தொடங்கிய கதை

(ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினத்தையொட்டி, நம் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறதாம். அது பெரிய விவகாரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. இப்போது இல்லை. இருக்கிறது என்று தெரிந்த நாளுக்கும் முதல் மாத்திரையைப் போட்ட நாளுக்கும் நடுவில் பதினொரு மாதம் ஓடியது. அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஒப்புக்கொண்டேன்.

2022 பிப்ரவரியில் குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அதில் 'ஆன்டி எச்.சி.வி. ரியாக்டிவ்' என்று வந்தது. ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் ஏதோ எழுதினார்கள், ஆபரேஷன் பட்டியலில் என்னைக் கடைசி ஆளாகத் தள்ளினார்கள். யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது, "லிவர் டாக்டரைப் பாருங்க" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்த ரிப்போர்ட்டை நாலாக மடித்து எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் நிறைய இருந்தது. உடம்புக்கு ஒன்றுமே இல்லை. காலையில் நம் வளாகத்தை எட்டுச் சுற்று நடக்கிறேன், பசிக்கிறது, தூங்குகிறேன். கண் மஞ்சளாகவில்லை. நம் ஊரில் கல்லீரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தால் போய்விடும் என்றுதானே வளர்ந்திருக்கிறோம்? நானும் மூன்று வாரம் குடித்தேன். அசுத்தமான தண்ணீரில் வருகிற ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். சி வகை அப்படியில்லை. அது ரத்தத்தின் வழியாக வருவது. வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகப் போய்விடும். மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல் பல வருடம் தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது வருடத்துக்குள் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும். அதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள்.

இன்னொரு காரணம் பயம். இருபது வருடத்துக்கு முன் என் அலுவலகத்தில் ஒருவர் இதே நோய்க்கு வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டார். ஊசி போட்ட மறுநாள் எல்லாம் காய்ச்சல். முடி கொட்டியது, மனம் உடைந்து யாரோடும் பேசாமல் ஆனார். பாதியிலேயே விட்டுவிட்டார். சிகிச்சை என்றதும் எனக்கு அவர் முகம்தான் வந்தது.

மூன்றாவது வெட்கம். 'இந்த ஆள் குடிப்பாரோ' என்று நினைப்பீர்கள், இல்லை அதைவிட மோசமாக நினைப்பீர்கள் என்று எனக்கு நானே கற்பனை செய்துகொண்டேன். வீட்டில் எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். மனைவி கேட்டதற்கு, "பல் கூசுகிறது, வெந்நீருக்கு" என்றேன். பல் கூச்சத்துக்கும் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் கேட்கவில்லை. 2023 பொங்கலுக்கு இங்கே பொதுச் சமையலில் காய் நறுக்க நான் வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? மூட்டு வலி என்றேன். உண்மையில் கத்தி பட்டு விரலில் ரத்தம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அந்தப் பொங்கலுக்கு மகள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையை என் கையில் கொடுக்க வந்தபோது இரண்டு தடவை ஏதோ சாக்குச் சொல்லி நகர்ந்தேன். மூன்றாவது தடவை அவள் விடவில்லை. "அப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். பத்திரங்களுக்கு அடியிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். திட்டவில்லை. மறுநாள் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

அந்த டாக்டர் முதலில் சொன்னதே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு வைரஸ் இருக்கிறதா என்றே இன்னும் தெரியாது சார்" என்றார். நான் பதினொரு மாதம் பயந்தது ஆன்டிபாடி பரிசோதனையைப் பார்த்து. வைரஸ் எப்போதோ வந்து தானாகப் போயிருந்தாலும் அது ரியாக்டிவ் என்றுதான் காட்டும். வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று சொல்வது எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனை. யாருக்காவது முதல் ரிப்போர்ட் அப்படி வந்திருந்தால், அடுத்த வேலை அந்த ஒரு டெஸ்ட்தான். எனக்கு அதில் லட்சக்கணக்கில் எண் வந்தது. அந்த எண் பெரிதாக இருந்தால் கல்லீரல் அதிகம் கெட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார். 1986ல் பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989ல்தான். 86ல் ரத்தம் கொடுத்தவரிடம் இதைச் சோதிக்க உலகத்தில் யாராலும் முடிந்திருக்காது. அதனால் யார் மேலும் எனக்குக் கோபமில்லை. ரத்தம் ஏற்றியிராவிட்டால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கவும் மாட்டேன். இங்கே என் வயதுக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். பழைய காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், ஒரே ஊசியை வரிசையாகப் பலருக்குப் போட்ட டாக்டரிடம் போனவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். பச்சை குத்திக்கொண்ட பிள்ளைகளும்தான்.

மாத்திரை தொடங்குவதற்கு முன் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வயது, இரண்டு கல்லீரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை, இவற்றை வைத்தே ஒரு கணக்குப் போடுகிறார்கள். எனக்கு ஸ்கேனும் ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தார்கள். ஃபைப்ரோஸ்கேனில் 13.8 வந்தது. சிரோசிஸ் தொடங்கிவிட்டது, ஆனால் கல்லீரல் இன்னும் தன் வேலையைச் செய்கிறது என்றார் டாக்டர். எட்டுச் சுற்று நடக்கிற ஆளுக்கு! "நான் தள்ளிப்போட்ட பதினொரு மாதத்தால் வந்ததா?" என்று கேட்டேன். "இது முப்பத்தாறு வருட வேலை. ஆனால் இன்னும் பதினொரு மாதம் விட்டால் என்ன ஆகும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்" என்றார்.

பிறகு ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. இரண்டும் உள்ளவர்களுக்கு சி வைரஸ் அடங்கும்போது பி கிளம்பி ஆபத்தாகலாம். எனக்கு பி இல்லை.

அடுத்ததுதான் நான் எதிர்பார்க்காதது. "வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டு வாருங்கள்" என்றார். கொண்டுபோய் மேஜையில் கொட்டினேன். தினமும் காலையில் நான் போடும் கேஸ் மாத்திரையை நிறுத்தினார். வயிற்றில் அமிலம் குறைந்தால் எனக்குக் கொடுக்கப்போகிற மருந்து சரியாக உடம்பில் சேராதாம். ஜெலூசில் மாதிரி திரவ மருந்துக்குக்கூட நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மருந்தால் துடிப்பு ஆபத்தான அளவு குறையலாம். வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாஸெபின், டி.பி.க்கான ரிஃபாம்பிசின் ஆகியவையும் ஒத்துவராது. வார்ஃபரின் போடுகிறவர்கள் ரத்தம் உறையும் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு, வைரஸ் குறையக் குறைய சர்க்கரையும் இறங்கலாம். பழைய அளவிலேயே மருந்து போனால் மயக்கம் வரும். இதெல்லாம் கேட்டு யாரும் தானாக ஒரு மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், போதும். கீழாநெல்லியையும் சொன்னேன். சிரித்துவிட்டு, மூன்று மாதத்துக்கு எந்தப் பச்சிலையும் வேண்டாம் என்றார்.

எனக்குக் கொடுத்தது சோஃபோஸ்புவிர், வெல்படஸ்விர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று, பன்னிரண்டு வாரம், மொத்தம் 84. சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு அரசுத் திட்டத்தில் சோஃபோஸ்புவிரோடு டக்ளடஸ்விர் கொடுக்கிறார்கள், அதுவும் பன்னிரண்டு வாரம்தான். கல்லீரல் ரொம்பவே தளர்ந்தவர்களுக்குக் கூடுதலாக ரிபாவிரின் உண்டு, இல்லையென்றால் 24 வாரம். ஊசி கிடையாது. நூறில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

விலையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1000 டாலர், ஒரு கோர்ஸ் 84,000 டாலர். 2014ல் நம் ஊர் கம்பெனிகளுக்கு அதைத் தயாரிக்க உரிமம் கிடைத்தது, விலை சரிந்தது. 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நான் தனியார் டாக்டரைத்தான் பார்த்தேன். அரசு மையத்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தவரே அவர்தான். வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, நின்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை. காலண்டரில் மனைவி ஒவ்வொரு நாளும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். முதல் இரண்டு வாரம் தலைவலி, கொஞ்சம் சோர்வு. ஒரு நாள் கல்யாண வீட்டில் மறந்துவிட்டேன். 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே ஒன்று போட வேண்டும், அதற்கு மேல் ஆகிவிட்டால் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும், இரண்டாகப் போடவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் காலை ஆறரைக்கே நினைவு வந்தது. அலுவலக நண்பர் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு இல்லை. அவர் காலத்தில் இந்த மருந்து இல்லையே என்றுதான் வருத்தம்.

மாத்திரை முடிந்ததும் குணம் என்று சொல்லமாட்டார்கள். மேலும் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் பார்த்தேன். வைரஸ் இல்லை. நிறையப் பேர் மாத்திரை முடிந்ததும் இந்தக் கடைசி டெஸ்ட்டுக்குப் போவதில்லை என்று மையத்தில் அலுத்துக்கொண்டார்கள்.

சிரோசிஸ் வந்துவிட்டதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கிறேன். வைரஸ் போனாலும் கல்லீரல் புற்றுநோய் அபாயம் முழுசாகப் போவதில்லை. இது எனக்கு வாழ்நாள் வேலை. தழும்பு விழுவதற்கு முன்பே மாத்திரை போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆன்டிபாடி டெஸ்ட் எனக்கு எப்போதும் ரியாக்டிவ் என்றுதான் வரும். அதனால் ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டின் நகலைப் போனில் வைத்திருக்கிறேன். ஒரு தடவை வந்து குணமானால் மறுபடி வராது என்பதும் இல்லை. இதற்குத் தடுப்பூசி கிடையாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு வருமோ என்ற கேள்வி உங்கள் முகத்தில் தெரிகிறது. ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி மூன்றையும் தனியாக வைக்க வேண்டும். ரத்தம் சிந்தினால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்க வேண்டும். தட்டு, டம்ளர், ஒரே பாத்ரூம், நம் நீச்சல் குளம், லிஃப்ட் பட்டன், கட்டிப்பிடிப்பது, இருமல் எதிலும் பரவாது. மனைவிக்கும் மகளுக்கும் சோதித்தோம், இருவருக்கும் இல்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு வருவது நூறில் ஐந்து பேருக்கு நடக்கும். கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரை கொடுப்பதில்லை என்பதால், கல்யாண வயதுப் பெண்களுக்கு இருந்தால் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

அந்த டம்ளரை மனைவி ஒரு நாள் எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிட்டாள். எது அது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று நினைப்பவர்கள், காலை ஆறு மணிக்கு பூங்கா பக்கம் வாருங்கள். எட்டுச் சுற்று நடக்கிறேன், கூடவே நடந்துகொண்டு பேசலாம். ரிப்போர்ட் இருந்தால் மடிக்காமல் கொண்டுவாருங்கள்.