இணையவழித் தொழிற்பயிற்சி: முகாம் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும்
(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் அறக்கட்டளையின் மாடியில் மாலை நேரக் கணினி வகுப்பை ஆரம்பித்தபோது மஹல்லாவில் ஒரு கேள்வி எழுந்தது. "நம் வீட்டுப் பிள்ளைகளே பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். முகாம் பிள்ளைகளுக்கு எதற்கு அங்கே நாற்காலி?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை. பணம் கொடுத்தவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

முகாமில் இருப்பவர்கள், 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது, நல்ல காரியம். ஆனாலும் இங்கேயே பிறந்து, இங்கேயே பொறியியல் படித்த பையன் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. தனியார் கம்பெனிகளிலும் முகவரியைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். கடைசியில் பெயின்ட் வேலைக்குப் போகிறான். நம் பிள்ளைகளுக்கு இன்று வேலை இல்லாவிட்டாலும், நாளை தேர்வு எழுதலாம், வளைகுடாவுக்குப் போகலாம். அவனுக்கு அந்த வழிகளும் இல்லை. ஒரு நாற்காலியாவது இருக்கட்டும் என்றுதான் முடிவு செய்தோம்.

சரி, பாடம் எல்லாம் இணையத்திலேயே இருக்கிறதே, மாடி அறை எதற்கு என்றும் சிலர் கேட்டார்கள். பாடம் இருப்பது உண்மை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் 2017 முதல் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களைக்கூட இலவசமாகப் படிக்கலாம். கோர்செரா நிறுவனம் 2016-லேயே அகதிகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஆனால் பத்துக்குப் பத்து வீட்டில் நான்கு பேருக்கு ஒரு போன். அதிலும் பகலில் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். வாராவாரம் பயிற்சித் தாளைத் தேதிக்குள் அனுப்ப வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். அந்த நாளில் முகாமில் கணக்கெடுப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? முன்கூட்டியே அதிகாரிகளிடம் எழுதிக் கேட்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். அந்த வேலையைத்தான் நாங்கள் செய்கிறோம். பாடம் நடத்துவதைவிட இதற்கே அதிக நேரம் போகிறது.

என்ன படிக்க வைப்பது? செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெயர் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் டேலி, எக்செல், தமிழ்த் தட்டச்சு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் என்று ஆரம்பித்திருக்கிறோம். நம் கடைவீதியில் ஜி.எஸ்.டி. கணக்குக்காக மாதம் 11-க்குள் ஒரு படிவம், 20-க்குள் ஒரு படிவம் என்று எத்தனை முதலாளிகள் ஓடுகிறார்கள்! உங்கள் கடை பில்களை ஒரு மாதம் இந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எங்கள் ஆசிரியர் சரிபார்த்துத் தருவார். பத்துச் சான்றிதழை விட, "இந்தக் கடையில் கணக்கு எழுதினேன்" என்று சொல்ல முடிவது மேல் என்பது எங்கள் எண்ணம். ஆனால் சும்மா வேலை வாங்காதீர்கள். கூலி கொடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் வேலை தேடும்போது முன்பணம் கேட்டால் விலகி விடுங்கள். 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கி, அடி உதை பட்டு மீண்டார்கள். தட்டச்சு தெரிந்த பிள்ளைகள்தான் அந்தக் கும்பலுக்குத் தேவை. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் மாடிக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு காலையில் தனி வகுப்பு, பெண் ஆசிரியையே நடத்துவார். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கலாம் என்பதால் தாய்மார்கள் தயங்க வேண்டாம்.

வீட்டில் ஓடாமல் கிடக்கும் லேப்டாப் இருந்தால் கொடுங்கள், பழுது பார்த்துக்கொள்கிறோம். அடுத்த வகுப்பு ரமலானுக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ். பெயர் எழுதிக்கொள்ள அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் ஆள் இருப்பார். ஆதார் நகல் ஒன்று போதும். எந்த ஊர், எந்த முகாம் என்று படிவத்தில் கேட்கவில்லை.