போய்த் திரும்பிய கற்கள்

யுத்தத்தில் தரைமட்டமாகிப் பின்னர் புனர்நிர்மாணம் பெற்ற நகரங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், போலந்து தேசத்து வார்ஸா நகரமே முதலில் நம் நினைவுக்கு வருகிறது. 1944ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு வீடு வீடாகத் தகர்க்கப்பட்ட அந்தப் பழைய நகரத்தை, பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் ஒருவர் தீட்டிவைத்திருந்த வீதிக் காட்சிகளையும் துணையாகக் கொண்டு, அந்த ஜனங்கள் மறுபடியும் எழுப்பினார்கள். அத்தகைய சரித்திரம் ஒன்று நம்முடைய காவிரிக்கு அருகிலேயே இருக்கிறது. மைசூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தசராவையும் பிருந்தாவனத்தையும் சாமுண்டி மலையையும் கண்டு களித்து, பட்டும் சந்தனமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தாங்கள் கண்டது இடிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நகரம் என்பதை அவர்கள் அறிவதில்லை.

அதை அறிய விரும்புகிறவர்கள், மைசூரில் இறங்கியதும் அரண்மனைக்கு ஓடாமல், பத்து மைல் தூரத்துக்குள் இருக்கும் ஸ்ரீரங்கபட்டணத்துக்கு முதலில் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். திருவரங்கத்துப் பெருமாளை அந்த்யரங்கன் என்று நாம் சேவிக்கிறோம் அல்லவா? ஆதிரங்கன் பள்ளிகொண்டிருப்பது காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்த இந்தத் தீவிலேதான். ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் ராஜதானியாக விளங்கிய இந்நகரத்தை, கிழக்கிந்தியக் கம்பெனியின் சேனையும் நிஜாமின் சேனையும் சேர்ந்து 1799ஆம் ஆண்டு முற்றுகையிட்டன. சித்திரை வெயிலில் காவிரி எப்படி வற்றிக் கிடக்கும் என்பதை நம் நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் வெள்ளம் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு பீரங்கிகளால் மதிலைப் பிளந்து, மே மாதம் 4ஆம் தேதி உச்சிப்பொழுது கடந்த வேளையில், பாறைகள் தெரிய ஓடிய நீரில் இறங்கி நடந்து சிப்பாய்கள் கோட்டைக்குள் ஏறினார்கள். அன்று மாலைக்குள் திப்பு வீழ்ந்தார், நகரம் சூறையாடப்பட்டது.

மதில் பிளந்த இடத்தில் இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. திப்புவின் சடலம் கிடந்த இடத்தில் எளிய கல் ஒன்று இருக்கிறது. அவர் வசித்த லால் மஹால் அரண்மனையோ அடித்தளத்தின் சுவடுகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. பிரித்தெடுக்கப்பட்ட அதன் மரங்களில் ஒரு பகுதி நீலகிரிக்குச் சென்று, உதகமண்டலத்துப் புனித ஸ்டீபன் ஆலயத்தின் கூரையைத் தாங்குகிறது. ஆயினும் 1784இல் தேக்கு மரத்தால் எழுந்த தரியா தௌலத் என்னும் கோடை மாளிகை தப்பிப் பிழைத்தது. அதன் மேற்குச் சுவரில், நம் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780இல் நிகழ்ந்த போர் வண்ணச் சித்திரமாக விரிந்திருக்கிறது. சிவப்புச் சட்டை அணிந்த கம்பெனிச் சிப்பாய்கள் சதுர வியூகமாக நெருங்கி நிற்க, நடுவே பல்லக்கில் கர்னல் பெய்லி அமர்ந்திருக்க, வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுகிறது. 1799இல் வென்றவர்களின் சேனாதிபதிகளுள் ஒருவராகிய ஆர்தர் வெல்லெஸ்லி பிற்பாடு இதே மாளிகையில் குடியிருந்து, தம் தரப்பாரின் தோல்வியைக் காட்டும் இந்தச் சித்திரத்தையே பழுதுபார்க்கச் செய்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

இனி மைசூருக்கு வருவோம். உடையார் வம்சத்தின் பூர்விக ஸ்தலமாகிய இவ்வூரின் கோட்டையைத் திப்பு 1787ஆம் ஆண்டு வாக்கில் இடிக்கச் செய்து, அக்கற்களைக் கொண்டே சற்றுக் கிழக்கேயுள்ள மேட்டில் நஜராபாத் என்ற புதிய கோட்டையைக் கட்டத் தொடங்கினார். ஸ்ரீரங்கபட்டணம் விழுந்ததும், ஐந்து வயதும் நிரம்பாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு முடிசூட்ட முடிவாயிற்று. ஆனால் முடிசூட்டுவதற்கு அவருடைய சொந்த ஊரில் ஓர் அரண்மனை இல்லை. 1799 ஜூன் 30ஆம் தேதி, லக்ஷ்மீரமண சுவாமி கோவிலுக்கு அருகே பந்தல் போட்டு, அதன் கீழே அந்தக் குழந்தைக்குப் பட்டாபிஷேகம் செய்தார்கள். பிறகு நஜராபாத் கோட்டை பிரிக்கப்பட்டது. போன கற்களே பழைய இடத்துக்குத் திரும்பி வந்தன.

இந்தத் திருப்பணியை முன்னின்று நடத்தியவர் திவான் பூர்ணய்யா. ஹைதரிடத்திலும் திப்புவினிடத்திலும் உயர்பதவி வகித்த அதே மனிதர்தான் பாலமன்னரின் பிரதிநிதியாக ராஜ்யத்தையும் நிர்வகித்தார். ஆட்சி மாறியபோதும், கணக்கும் வேலையும் அறிந்த கை மாறவில்லை. கோட்டைக்குள் இருக்கும் சுவேதவராக சுவாமி கோவில் அவர் கைங்கரியம். அதன் மூலவர் நம்முடைய ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிக்கதேவராஜ உடையாரால் கொண்டுவரப்பட்டு, ஸ்ரீரங்கபட்டணத்தில் எழுந்தருளியிருந்து, 1809இல் இங்கே பிரதிஷ்டையானவர். விமானமும் கர்ப்பக்கிருகமும் சிவமொக்கா சீமையிலிருந்த ஹொய்சளர் காலத்துக் கட்டடம் ஒன்றின் கற்கள். தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் அரண்மனைக்குள் நுழையும் அவசரத்தில் இந்தச் சந்நிதியைத் தாண்டிச் சென்றுவிடுவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

பட்டாபிஷேகத்துக்குப் பின் கட்டிய அரண்மனை மரத்தாலானது. 1897இல் ராஜகுமாரி ஜயலக்ஷம்மண்ணியின் விவாக வைபவத்தின்போது அது தீக்கிரையாயிற்று. பிரதிநிதியாக ஆண்டுகொண்டிருந்த மகாராணி வாணிவிலாஸ சந்நிதானம் அவர்கள், சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தால் நமக்கு அறிமுகமான ஹென்றி இர்வினை வரவழைத்து, 41 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட செலவில், 1912இல் பூர்த்தியான இன்றைய அரண்மனையைக் கட்டுவித்தார். வார்ஸாக்காரர்கள் இழந்ததை இழந்தபடியே திரும்பச் செய்தார்கள். மைசூரார் பழைய அமைப்பைத் தழுவிக்கொண்டு, பொருளை மாற்றினார்கள். மரம் இருந்த இடத்தில் கருங்கல்லும் இரும்பும் வந்தன. ஒருமுறை நெருப்பைக் கண்டவர்கள் இப்படிச் செய்ததே உசிதம் என்று நான் கருதுகிறேன்.

கல்யாணத்தில் எரிந்த அரண்மனைக்கு வாய்த்த புதிய கல்யாண மண்டபத்தை நிதானமாகப் பாருங்கள். எண்கோண வடிவம், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்ட இரும்புத் தூண்கள், மயில்கள் தோகை விரிக்கும் வர்ணக் கண்ணாடி விதானம், சுற்றுச் சுவர்களில் சமஸ்தானத்து ஓவியர்கள் தீட்டிய தசரா ஊர்வலம். விடுமுறை நாட்களின் மாலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் எரியும் அலங்காரத்தைக் காணவே கூட்டம் சேர்கிறது, அதையும் காணுங்கள். ஆனால் அதற்கு முன் காலையிலேயே வந்துவிடுங்கள். அந்த மயில்களின் நீலமும் பச்சையும் பகல் வெயிலில்தான் தரையில் விழும்.