பெயர் வாசிக்கும் கோயில்



எறணாகுளத்தில் பஸ் ஏறி மேற்கே வந்தால், முதலில் வெண்டுருத்திப் பாலம், பிறகு வில்லிங்டன் தீவு, அதையும் தாண்டி இன்னொரு பாலம். அந்தப் பாலம் இறங்கும் இடம் தோப்பும்படி. பக்கத்திலேயே ஒரு பழைய பாலமும் நிற்கிறது. கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் காலத்துப் பாலம் அது. கலங்கள் போவதற்காக நடுப்பகுதியைத் தூக்கும்படி கட்டியிருந்தார்கள். மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் போகிற சுற்றுலாக் கூட்டம் இங்கே இறங்குவதில்லை. பஸ் ஜன்னல் வழியாக மீன்பிடித் துறைமுகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யூதர்களின் ஜெபாலயத்துக்கும் சீன வலைகளுக்கும் போய்விடும். நான் இன்று பேசப்போவது அந்த ஜன்னலுக்கு வெளியே இருக்கிற ஊரைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அங்குள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கில் ஒரு வாரம் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றி.

கேரளத்துக் கத்தோலிக்கரில் மூன்று வழிபாட்டு மரபினர் உண்டு: சீரோ மலபார், சீரோ மலங்கரை, லத்தீன். தோப்பும்படி செபஸ்தியார் கோயிலும், சுற்றியுள்ள கடற்கரைக் கோயில்களும் லத்தீன் மரபைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டுக் கோயில்களில் நாம் காணும் அதே பூசை முறைதான்; மொழி மட்டும் மலையாளம். இவை கொச்சி மறைமாவட்டத்தில் அடங்கியவை. பாப்பரசர் நான்காம் பவுல் 1557இல் ஏற்படுத்திய மறைமாவட்டம் அது. ஒரு காலத்தில் நம்முடைய முத்துக்குளித்துறையும் இலங்கையும்கூடக் கொச்சி ஆயரின் ஆளுகையில்தான் இருந்தன. தூத்துக்குடிக்காரருக்கும் கொச்சிக்காரருக்கும் ஒரே ஆயர் இருந்த காலம் அது.

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இங்கே ஒரு பக்தி உண்டு. செவ்வாய் அந்தோனியாருக்கு. அவர் 1231ஆம் ஆண்டு ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்தார்; பதுவை நகரில் அவரை அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய்தான் உவரியிலும் புளியம்பட்டியிலும் நாம் அறிந்த செவ்வாய். எறணாகுளம் கலூர் அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தோப்பும்படியிலிருந்து பாலம் கடந்து அங்கே போகிறவர்களும் உண்டு. புதன் சூசையப்பருக்கு, மாதத்தின் முதல் வெள்ளி இயேசுவின் திருஇருதயத்துக்கு, சனி மாதாவுக்கு. தவக்காலமானால் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. காலை, நண்பகல், மாலை என்று திரிகால செபத்துக்கு மணி அடிக்கும். விளக்கு வைத்த பிறகு வீடுகளிலிருந்து செபமாலைச் சத்தம் கேட்கும். பாட்டிமாரின் குரல் முன்னே போக, பேரப்பிள்ளைகளின் குரல் பாதித் தூக்கத்தில் பின்னால் வரும். இதெல்லாம் கத்தோலிக்கர் வாழ்கிற எந்த ஊரிலும் கேட்பதுதான். ஆகவே இதைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்துகிறேன்.

நான் நின்று பேச விரும்புவது ஞாயிற்றுக்கிழமையின் ஒரு சிறிய பகுதியைப் பற்றி.

விடிகாலைப் பூசை முடியும் தறுவாய். நற்கருணை கொடுத்தாகிவிட்டது. இறுதி ஆசீருக்கு முன்னால் பங்குத்தந்தை ஒரு தாளை எடுப்பார். முதல் முறையாக வந்திருப்பவருக்கு இது வெறும் அறிவிப்பு. பாதிப் பேர் எழுந்து போகத் தயாராகும் நேரம் என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் கோயில் அப்போதுதான் காதைத் தீட்டிக்கொள்கிறது. இந்த வாரம் யார் யாருக்காகப் பூசை: ஒருவருக்கு ஏழாம் நாள், ஒருவருக்கு நாற்பத்தொன்றாம் நாள், ஒருவருக்கு ஆண்டு நினைவு. அடுத்துக் கல்யாண ஓலை. மணமகனின் பெயர், அவன் தகப்பன் பெயர், எந்தப் பங்கு; மணமகள் பெயர், அவள் தகப்பன் பெயர், எந்தப் பங்கு. தடை ஏதேனும் தெரிந்தவர்கள் தெரியப்படுத்த வேண்டும் என்று சொல்லி முடிப்பார். மூன்று முறை இப்படி வாசித்தாக வேண்டும். கல்யாணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவிக்க வேண்டும் என்பது 1215ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் உலகம் முழுவதற்கும் வைத்த சட்டம். அதற்குப் பிறகு 1563இல் திரெந்து சங்கம், மூன்று முறை அறிவிக்க வேண்டும் என்றும், கல்யாணம் நடந்த நாளையும் இடத்தையும் பெயர்களையும் பங்குத்தந்தை ஒரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கொச்சி மறைமாவட்டத்துக்கு அப்போது வயது ஆறு.

திருமுழுக்கு ஒரு புத்தகம், கல்யாணம் ஒரு புத்தகம், அடக்கம் ஒரு புத்தகம். பங்கு என்று நாம் சொல்வது என் கணிப்பில் கட்டடமோ கோபுரமோ ஆகாது. இந்தப் புத்தகங்களும், ஞாயிறுதோறும் அவற்றிலிருந்து எழுந்து வரும் குரலும்தான் பங்கு. யார் வந்திருக்கிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதை அறிந்து வைத்திருக்கும் கூட்டம் அது.

உரக்க வாசிக்காத பெயர்களும் ஒரு பங்கில் உண்டு. பூசைக்குப் பிறகு பிள்ளைகள் வேதபாடத்துக்குப் போவார்கள். முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, பள்ளிக்கூடம் போலவே வகுப்பும் பரீட்சையும். அந்த நேரத்தில் ஓர் ஓரத்து அறையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். வின்சென்ட் தே பவுல் சபை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. செபம் சொல்லி, போன வாரக் குறிப்பை வாசித்து, எந்த வீட்டுக்கு அரிசி, யாருக்கு மருந்து, யாருக்கு வாடகை பாக்கி என்று பேசுவார்கள். வீடு பார்க்க இரண்டு பேராகத்தான் போக வேண்டும். உதவி பெறுகிறவர் பெயர் அறைக்கு வெளியே போகக்கூடாது. கூட்டத்தின் முடிவில் ஒரு துணிப்பை சுற்றிவரும். அதற்குப் பெயர் இரகசியப் பை. எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் போட்டவரும், அந்த வாரம் கையில் ஒன்றுமில்லாமல் வந்தவரும் ஒரே மாதிரி கையை விட்டு ஒரே மாதிரி எடுப்பார்கள். யார் எவ்வளவு என்று தலைவருக்கும் தெரியாது. கொடுக்கிறவரின் மானத்தையும் வாங்குகிறவரின் மானத்தையும் காப்பாற்ற இவ்வளவு எளிய ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனித் தமிழுக்கு வருகிறேன். கொச்சியில் நமக்கு என்ன வேலை என்று நேயர்கள் நினைக்கலாம். 1579ஆம் ஆண்டு நவம்பரில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற தமிழ் மறைக்கல்வி நூல் அச்சேறியது கொச்சியில்தான். தமிழில் ஆக்கியவர் அண்டிரிக்கு அடிகளார். அதற்கு முந்திய ஆண்டு கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்க'த்துக்கு அடுத்தபடியாக வந்தது. வேதபாடம் படிக்கிற பிள்ளைக்கென்று தமிழில் அச்சிட்ட ஆதிப் புத்தகங்களில் ஒன்று, இன்று மலையாளத்தில் வேதபாடம் நடக்கிற இதே கரையிலிருந்து போயிருக்கிறது. இந்தக் கரையின் லத்தீன் கத்தோலிக்கர் ஆடுகிற சவிட்டு நாடகத்தின் பழைய பாட்டுகளிலும் தமிழ் நிறைந்திருக்கிறது. அந்த நாடகங்களில் ஒன்றான காறல்மான் சரித்திரத்தைக் கட்டியவராக அவர்கள் நினைவில் வைத்திருப்பது சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரை.

இவை பழைய உறவு. இன்றைய உறவு துறைமுகத்தில் இருக்கிறது. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் காலையில் நின்று பாருங்கள். ஏலக்காரர்களின் மலையாளத்துக்கு நடுவே குமரிக் கடற்கரைத் தமிழ் காதில் விழும். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் வரிசையாக இருக்கிற இந்த எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர்போனவர்கள். அவர்களின் படகுகள் பல இங்கிருந்துதான் தொழிலுக்குப் போகின்றன. போனால் திரும்ப ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேல். குமரிக் கடற்கரையில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்பது ஊர் ஒழுங்கு. ஆழ்கடலில் ஒரு மாதம் இருக்கிறவனுக்கு நாலைந்து ஞாயிறு படகிலேயே வந்து போகும். படகின் பெயரில் மாதா இருப்பார், அந்தோனியார் இருப்பார். பூசை மட்டும் இருக்காது. கரைக்கு வந்த ஞாயிறன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்துக் கோயிலில் கடைசி வரிசையில் நிற்பார்கள். மலையாளப் பூசையில் மற்றவர்கள் பதில் சொல்லும்போது இவர்களின் உதடு தமிழில் அசையும். எங்கே நிற்க வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும் என்பதில் ஒரு தடுமாற்றமும் இருக்காது. ஆனால் முடிவில் வாசிக்கும் தாளில் அவர்கள் பெயர் இருக்காது. அவர்கள் பெயர் இருக்கும் புத்தகம் தூத்தூரிலோ வள்ளவிளையிலோ இருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் அருமை 2017இல் தெரிந்தது. நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் வந்தது. பல நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அதன் பிறகு நடந்ததை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எத்தனை பேர் காணவில்லை என்ற எளிய கேள்விக்கு நாள் கணக்கில் சரியான விடை கிடைக்கவில்லை. அரசு ஒரு எண்ணைச் சொன்னது, கோயில்கள் வேறு எண்ணைச் சொல்லின. கோயில்கள் சொன்னது தெருத்தெருவாக எடுத்த கணக்கு. இன்ன வீட்டில் அப்பனும் மகனும், இன்ன வீட்டில் மருமகன், இன்ன படகு, இன்ன துறைமுகத்திலிருந்து போனது. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த மக்களோடு பங்குத்தந்தையரும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது இதுதான்: எங்கள் ஆட்களைத் தேடுங்கள். பெயர் தெரிந்தவர்களால் மட்டுமே இப்படிக் கேட்க முடியும். பெயர் தெரியாதவன் கடலில் போனால் போனதுதான், கேட்க ஆளில்லை.

கொச்சி உழைப்பாளிகளுக்குப் பெயரின் மதிப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா என்று ஒரு முறை இருந்தது. சரக்கு இறக்கும் வேலைக்கு வந்து நிற்கிற கூட்டத்தின் மேல், ஆள் சேர்க்கும் மூப்பன் உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்து எவன் பொறுக்கினானோ அவனுக்கு அன்று வேலை. பெயர் இல்லை, ஆள் இல்லை, வில்லைதான். அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் சையது, சைதலவி, ஆன்றணி என்று மூவர் உயிர் விட்டார்கள். அந்த மூன்று பெயர்களையும் கொச்சி இன்றும் சேர்த்தே சொல்கிறது.

இப்போது துறைமுகத்தில் மறுபடியும் பெயரில்லாத ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் படகுகளில் வேலை செய்கிறார்கள். கடலையே பார்க்காத ஊர்களில் பிறந்தவர்களும் அவர்களில் உண்டு. 2017 ஜூன் 11 அதிகாலை, கொச்சிக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'கார்மல் மாதா' என்ற படகின் மீது 'ஆம்பர் எல்' என்ற பனாமா கொடிக் கப்பல் மோதியது. படகில் இருந்தவர்கள் 14 பேர். குளச்சல்காரர் ஒருவரும் அசாம்காரர் ஒருவரும் இறந்தார்கள். இன்னொரு அசாம்காரர் காணாமற்போனார். குளச்சல்காரருக்கு ஊரில் ஒரு கோயில் இருந்தது, மணி அடிக்க ஆள் இருந்தது, ஆண்டு நினைவுக்குப் பெயர் வாசிக்க ஒரு பலிபீடம் இருந்தது. அந்த அசாம் இளைஞர்களுக்கு இந்தக் கரையில் யார் இருந்தார்கள்?

தோப்பும்படியிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பங்குகளைப் பார்த்து இதை நான் கேட்கிறேன். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. பெயர் எழுதுவதில் நானூறு ஆண்டுக்கு மேல் பழக்கம் உள்ள கை அவர்களுடையது, ஆகவே கேட்கிறேன். கேரளத்தில் இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 நள்ளிரவு வரை, 52 நாள். தடை முடிந்து படகுகள் இறங்கும்போது குருவானவர் வந்து மந்திரித்து, தீர்த்தம் தெளிப்பது இந்தக் கரையில் வழக்கம்தான். ஜூலையின் இரண்டாவது ஞாயிறைக் கடல் ஞாயிறு என்று திருச்சபை வைத்திருக்கிறது. கடலில் வேலை செய்கிற எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்ளும் நாள், எந்த மதத்தவராக இருந்தாலும். கடல் ஞாயிறுக்கும் படகுகள் இறங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வழக்கம்போல இரண்டிரண்டு பேராகத் துறைமுகத்துக்குப் போகலாம். ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துக்கொள்ளட்டும். படகின் பெயர், அதில் வேலை செய்கிறவன் பெயர், தகப்பன் பெயர், ஊர், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த எண்ணில். இந்து என்றாலும் முஸ்லிம் என்றாலும் எழுதட்டும். தூத்தூர்ப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் நல்லது. படகில் பேசிப் பழகிய உடைந்த இந்தியில் அவனே கேட்டுச் சொல்லிவிடுவான்.