கீரிக்கடிக்கும் நாய் ஊசிதான்

 

காட்டு விலங்கு கடித்தால் ரேபிஸ் தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்ற கேள்வியைப் பேசும் இந்தக் கருத்தரங்குக்குக் குன்னூரை விடப் பொருத்தமான ஊர் இல்லை. 1900-இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய பிறகும், வெறிநாய் கடித்த தென்னாட்டவர் சிகிச்சைக்காக இமயமலைச் சாரல் வரை ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. அந்த அவலத்தைத் தீர்க்கவே 1907-இல் இந்த ஊரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டது. கடிபட்டவர் அங்கே வந்து சேர்கிறாரா, வந்தவரை நாம் சரியாகக் கவனிக்கிறோமா என்பதே இப்போதுள்ள கவலை.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், தேயிலைத் தோட்ட மருத்துவமனை ஒன்றில் நான் பணியாற்றிய காலம். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் காலை நொண்டிக்கொண்டு வந்தார். கெண்டைக்காலில் இரண்டு பல்தடங்கள். ஒவ்வொன்றும் அரிசிமணி அளவுகூட இல்லை. மேலே சுண்ணாம்பு காய்ந்து அடை தட்டியிருந்தது. கடிபட்டு நான்கு நாள் ஆகிவிட்டது. “கீரிதாங்க ஐயா கடிச்சது, நாய் இல்லீங்களே” என்றார். முதலில் போன இடத்தில் டி.டி. ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். கீரி எப்படிக் கடித்தது என்று கேட்டேன். பட்டப்பகலில், பத்துப் பேர் பேசிக்கொண்டு கொழுந்து பறித்த இடத்தில், செடி மறைவிலிருந்து நேரே ஓடிவந்து காலைக் கவ்வியதாம், உதறியும் விடவில்லையாம். மனிதரைக் கண்டாலே புதருக்குள் மறையும் பிராணி அது. அதைக் கேட்டபோது என் கை சில்லிட்டது.

சுண்ணாம்பைக் கழுவி எடுத்தோம். சோப்புப் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் கடிவாயிலேயே செலுத்தினோம். தடுப்பூசியையும் அன்றே தொடங்கினோம். கடைசி ஊசி வரை அவர் தவறாமல் வந்தார், நலமாகவும் இருந்தார். அந்தக் கீரிக்கு நோய் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அது தெரியாமலேயே முதல் நாளில் முடிவெடுப்பதுதான் நம் தொழில்.

நம் மக்களிடமும், வருத்தத்தோடு சொல்கிறேன், நம் மருத்துவர்கள் சிலரிடமும் “பத்து நாள் பார்க்கலாம்” என்ற பேச்சு வேரூன்றியிருக்கிறது. அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே உரியது. அங்கேயும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் விலங்கைக் கவனிக்க வேண்டும். கீரி, நரி, குரங்கு, கரடி, சிறுத்தை எதற்கும் அந்தக் கணக்கு செல்லாது. கடித்த நரியை எங்கே கட்டிவைத்துப் பார்ப்பது? ஆகவேதான் நம் நாட்டு வழிகாட்டு நெறி காட்டு விலங்குக் கடிகளை மூன்றாம் வகையில், அதாவது கடுமையான வகையில் வைக்கிறது. காயம் சிறிதாக இருக்கிறதே என்று இறக்கிக் கணக்கிட நமக்கு உரிமை இல்லை.

நோயின் போக்கே அவசரத்தைச் சொல்லும். கடிவாயில் இறங்கிய வைரஸ் நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். முகத்திலும் கையிலும் கடித்தால் இன்னும் விரைவாகலாம். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்தபின் நம்மால் காப்பாற்ற முடிவதில்லை. தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் காவல் நிற்பது இம்யூனோகுளோபுலின்தான். அதைக் கடிவாயைச் சுற்றி இறக்காமல் தடுப்பூசியோடு நிறுத்திக்கொள்வது அரைகுறைச் சிகிச்சை. நாள் கழித்து வந்தவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கர்ப்பிணி என்றோ கைக்குழந்தை என்றோ தயங்கவும் வேண்டாம்.

அதற்காகத் தொட்டதற்கெல்லாம் ஊசி என்று நான் சொல்லவில்லை. காயமில்லாத தோலில் குரங்கு கை வைத்தால் கழுவினால் போதும். வீட்டு எலி கடித்தால் பொதுவாக இந்த ஊசி தேவைப்படாது. நோயுற்ற மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு அலறிக்கொண்டு வருபவர்களுக்கு நாம் தரவேண்டியது தைரியம். வௌவால் பற்றி மட்டும் இந்த அவை தனியாகவே விவாதிக்க வேண்டும். அதன் பல்தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அமெரிக்காவில் மனிதருக்கு வரும் ரேபிஸில் பெரும்பங்கு வௌவாலால் வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் வௌவாலோடு நேரும் நேரடித் தொடர்பை மூன்றாம் வகையில் சேர்த்திருக்கிறது. குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் வேலை செய்பவர்களுக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்?

மக்கள் ஏன் வருவதில்லை என்பதையும் நேர்மையாகப் பேசுவோம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை நம் நாடு கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாட்கள் கழித்தும் தோளில் போடுகிறோம். ஆனாலும் நான்கு முறை மலையிறங்கி வருவது நான்கு நாள் கூலி. இரண்டாவது முறை வந்தபோது “மருந்து இல்லை, நாளைக்கு வா” என்ற பதிலைக் கேட்டவர் மூன்றாவது முறை வரமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வனக்காவலர்களுக்கும் விலங்கு பிடிக்கும் பணியாளர்களுக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும். பின்னால் கடிபட்டால் அவர்களுக்கு இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. காட்டுக்குள் போகிறவர் பையில் ஒரு சோப்புக்கட்டி இருப்பதை வனத்துறை நண்பர்கள் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இரண்டு நாள் அமர்வுகளில் கட்டுரைகள் நிறைய வாசிக்கப்படும். அவற்றோடு, நாளை மாலைக்குள் ஒரே ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். எந்த விலங்கு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தோட்டத்து லைன் வீடுகளில் பேசும் தமிழில், வருகைப் பதிவு எடுக்கும் ஒவ்வொரு மஸ்டர் கொட்டகையிலும் ஒட்டக்கூடிய எழுத்தளவில் எழுதித் தாருங்கள். அதில் முதல் வரியாகக் கீரியின் பெயர் இருக்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.