இயங்குதளத்தை அழைக்கும் முறை

நிரல் எழுதிப் பழகும் மாணவ நண்பர்களே, பைத்தான் மொழியில் நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள்; மணி என்னவென்று கேட்கிறீர்கள். கோப்பும் கடிகாரமும் பைத்தானின் உடைமைகள் அல்ல. அவற்றைத் தன் பொறுப்பில் வைத்துக் காப்பது இயங்குதளம். அதன் வாயிலோ சி மொழியின் வழக்கப்படி அமைந்தது. 1973இல் யூனிக்ஸ் சி மொழியில் மாற்றி எழுதப்பட்ட பின்னர் வேரூன்றிய பழக்கம் இது. விண்டோஸும் அதற்கு விலக்கன்று.

மொழியோடு வரும் நூலகங்களே பெரும்பாலும் நமக்காகத் தூது சென்றுவிடுகின்றன. அவை எட்டாத இடத்திற்கு நாமே போகவேண்டும். அதற்கென 2006இல், பைத்தானின் 2.5ஆம் பதிப்போடு, சிடைப்ஸ் என்னும் கருவி சேர்க்கப்பட்டது. இரண்டே வரிகளில் இயங்குதளத்தை அழைத்துவிடலாம். அந்த எளிமைதான் எனக்கு அச்சம் தருகிறது.

ஏனெனில், தொகுக்கப்பட்ட சி நூலகம் தன் செயற்கூறுகளின் பெயரையும் முகவரியையுமே வெளியே காட்டும். எத்தனை மதிப்புகள் வேண்டும், அவை எவ்வகை என்று அது சொல்வதில்லை. நாம் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் தானே ஊகித்துக்கொள்ளும்.

லினக்ஸில் 'புட்ஸ்' என்னும் அச்சிடும் செயற்கூற்றுக்கு எட்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட சொல்லொன்றை அப்படியே அனுப்பிப் பாருங்கள். திரையில் முதல் எழுத்து மட்டும் தோன்றும்! பைத்தானின் சரம் அங்கே எழுத்துக்கு நான்கு பைட்டுகளாகச் செல்கிறது. முதல் பைட்டில் எழுத்து. அடுத்த மூன்றும் சுழியம். சுழியத்தைக் கண்டால் சொல் முடிந்தது என்பது சி மொழியின் இலக்கணம்.

இது கண்ணுக்குத் தெரியும் பிழை. ஆகையால் பெரிய தீங்கில்லை. மறைந்திருப்பதே கொடியது. விண்டோஸின் 'கெட்டிக்கவுண்ட்', கணிப்பொறி தொடங்கியது முதல் கழிந்த மில்லி விநாடிகளைக் குறியில்லாத 32 பிட் எண்ணாகத் தரும். சிடைப்ஸோ அதைக் குறியுள்ள எண்ணாகக் கொள்ளும். 24 நாட்கள் வரை ஒரு குறையும் இராது. 25ஆம் நாள், எண் 2,147,483,647ஐத் தாண்டியதும், காலம் எதிர்மறையாகிவிடும். எந்தத் தேர்வாளர் இருபத்தைந்து நாள் காத்திருந்து சோதிப்பார்?

முகவரியைத் திருப்பித்தரும் செயற்கூறுகளில் ஆபத்து இன்னும் பெரிது. 64 பிட் முகவரியில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய 32 பிட்டுகளையே சிடைப்ஸ் நம் கையில் கொடுக்கும். முகவரி சிறியதாய் இருந்தால் நிரல் ஓடும். இல்லையேல் வேற்றிடத்தைத் தொட்டு மாளும். பைத்தானில் வழக்கமாக வரும் பிழைச் செய்தி, வரி எண், எதுவும் வராது. நிரலே மறைந்துவிடும். சேமிக்காத தரவும் அதனுடன் போகும்.

ஆகவே அழைக்குமுன் இரண்டை அறிவித்துவிடுங்கள்: 'ஆர்க்டைப்ஸ்' என்பதில் அனுப்பும் மதிப்புகளின் வகை, 'ரெஸ்டைப்' என்பதில் திரும்பும் மதிப்பின் வகை. இயங்குதளத்தின் கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மேற்சொன்ன கடிகாரத்திற்குக் குறியில்லாத 32 பிட் வகை பொருந்தும். ஆனால் அதுவும் 49 நாட்களுக்குப் பின் சுழியத்திற்குத் திரும்பிவிடும். விண்டோஸ் விஸ்டா முதல் 'கெட்டிக்கவுண்ட்64' இருக்கிறது. அதை 64 பிட் வகையோடு அழைப்பதே நன்று.