மதத்துக்கு வந்தவர் போட்ட சுழி

பட்டு நெய்யும் காஞ்சிபுரத்துப் பெரியோர்களே! "பாதிரிமார் மதம் பரப்பத்தான் தமிழ் படிச்சாங்க"ன்னு எதிரணி அண்ணன் சொன்னார். சரி, இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அதுக்குத்தான் வந்தார். வந்து என்ன செய்தார்?

அன்றைய ஓலையில் எகர, ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்கணும். புள்ளி குத்தினா ஓலை பொத்தலாகும்னு விட்டுட்டாங்க. வரதர் கோயில்ல ஏத்தற கொடியும், நீங்க நெய்யற கோடிப் புடவையின் கோடியும் எழுத்தில் ஒண்ணாயிடுச்சு! நெடிலுக்குக் கொம்பில் சுழி போட்டுப் பிரிச்சவர் இவர். 1732-இல் சதுரகராதியும் தந்தார்.

இன்றைக்கு ஏகாம்பரநாதர் கோயில்னு எழுதினாலும் 'கோ'வில் அந்தச் சுழி இருக்கு. எழுதுகிறவன் எந்த மதம்னு எழுத்து கேட்குதா? வந்த நோக்கம் சிலருக்கு. தந்த எழுத்து எல்லாருக்கும்! ஆகவே, அவர்களால் பெரிதும் வளர்ந்தது தமிழே!